கொடைக் கணக்கை மச்சான் பார்க்கலாமா? நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, முதலில் எங்கள் கன்னியாகுமரித் தொகுதியிலிருந்து டெல்லி சென்றிருக்கும் உறுப்பினருக்கு,

வணக்கம்.

நான் கல்குளம் தாலுகாக்காரி. ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். இந்த மடல் இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைப் பற்றியது, செய்தித்தாள்கள் சி.ஏ.ஜி. என்று எழுதுகிற அந்தப் பதவியைப் பற்றியது. ஆனால் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவை, நாங்கள் கொடை என்று சொல்வதை, சொல்லாமல் எனக்கு அதைச் சொல்ல வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா ஊர்வகைக் கோயிலுக்குப் பொருளாளராக இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். கொடைக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, பிரிப்பார்கள். வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், பந்தல், மைக் செட், சமையல் என்று எல்லாச் செலவும் அப்பா கையால்தான் நடக்கும். கொடை முடிந்து எட்டாம் நாள் இரவு கோயில் முற்றத்தில் கணக்கு வாசிப்பார்கள். வாசிப்பதற்கு முன் ஊரில் ஒருவர் நோட்டையும் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருடம் அந்த ஆளாக என் தாய்மாமாவைப் போட்டுவிட்டார்கள். மாமாவும் நேர்மையானவர்தான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். கணக்கில் ஒரு பைசா பிசகில்லை.

அன்று முற்றத்தில் அப்பா வாசித்து முடித்ததும் யாரும் கேள்வி கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருவர் சொன்னது மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது: ‘மச்சான் எழுதுன கணக்க மச்சான் பாத்தா செரியாத்தானே ஓய் இருக்கும்.’ அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் வரி கொடுக்க நிறையப் பேர் இழுத்தடித்தார்கள். அதற்கு அடுத்த கொடைக்கு, தன்னைப் பற்றி டீக்கடையில் பேசிய அதே மனிதரின் வீட்டுக்குப் போய் அப்பா நின்றார். ‘கணக்கு நீதான் பாக்கணும்’ என்றார். அவர் பார்த்தார். பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணம் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அப்பாவின் கைப்பிழை. எல்லார் முன்னிலையிலும் அதைத் திருத்தினார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு அப்பாவின் கணக்கை ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பிழையே இல்லாத கணக்கை ஊர் நம்பவில்லை. பிழை கண்டுபிடிக்கப்பட்ட கணக்கை நம்பியது. உங்களிடம் நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

உத்தரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காகச் சொல்வோம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. அதில் யார் யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்கள் மட்டுமல்ல, மாமன், மருமகன் என்று முறை சொல்லிச் சொல்லி அவர்களுடைய உறவுக்காரர்களையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாலேயே அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது, கணக்கு விஷயத்தில் உறவு எங்கே வந்து நிற்கும் என்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் வீடுகளில் சொல்லும் சொல். அளப்பவர் யார் என்பதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

தணிக்கையாளரை நான் முதலில் அருகில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது நான் வேலை பார்த்த ஒன்றியத்துக்கு ஏ.ஜி. ஆடிட் பார்ட்டி வந்தது. உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் வழக்கமாக வருவார்கள், அவர்கள் மாநில அரசின் துறை. இவர்கள் வேறு. சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள். இன்று மெட்ரோ ரயிலில் போகிறவர்களுக்கு ஏ.ஜி. டி.எம்.எஸ். என்ற நிலையத்தின் பெயராக மட்டும் அது தெரியும். எங்களைப் போன்ற அரசு ஊழியர்களுக்கு வருடா வருடம் வருங்கால வைப்பு நிதிச் சீட்டு வருகிற இடம், கடைசியில் ஓய்வூதிய ஆணை வருகிற இடம். அந்தக் கட்டடத்தின் தலைவருக்கும் தலைவர்தான் டெல்லியில் இருக்கும் தலைமைத் தணிக்கையாளர்.

மூன்று பேர் வந்தார்கள். லாட்ஜில் தங்கினார்கள், பஸ்ஸில் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அதிகாரி ஏற்பாடு செய்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள். மூவரில் மூத்தவர் ஒரு குளம் தூர் வாரிய வேலையின் எம்.புக்கை, அதாவது அளவுப் புத்தகத்தை, எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அளவுகள் சரி, கையெழுத்துகள் சரி, பட்டியல் சரி, பணம் கொடுத்த ரசீதும் சரி. தாள் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதை எழுதி வைத்தவளே நான்தான். பிறகு தலையைத் தூக்கி என்னிடம் கேட்டார்: ‘அம்மா, இத்தனை கன மீட்டர் மண் வாரியிருக்கீங்களே, அதைக் கொண்டு போய்ப் போட்ட இடத்தைப் பார்க்கலாமா?’

குளத்துக்குப் போனோம். சானல் கரையில் மண் இல்லை, பக்கத்துத் தென்னந்தோப்பில் இல்லை, ரோட்டோரத்தில் இல்லை. ‘மழையில கரைஞ்சு போச்சு சார்’ என்றார் மேற்பார்வையாளர். தணிக்கைக்கு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து அரை மார்ஜின் தாளில் இரண்டே வரிகளில் அதைக் கேள்வியாக எழுதி நீட்டினார். பாதித் தாளில் கேள்வி, மீதிப் பாதியில் நாங்கள் பதில் எழுத வேண்டும். அந்த வெற்றுப் பாதியைப் பார்த்தபடி எங்கள் அலுவலகம் ஒரு மாதம் தூங்கவில்லை. கடைசியில் ஆய்வறிக்கையில் அது தணிக்கைத் தடையாக ஏறியது. உரியவர்களிடமிருந்து தொகை பிடிக்கப்பட்டது.

அந்த மனிதருக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று அப்போது யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு விடை கிடைத்தது. அவருடைய சம்பளமோ இடமாற்றமோ பதவி உயர்வோ எங்கள் மாவட்ட ஆட்சியர் கையில் இல்லை. ஜார்ஜ் கோட்டையிலும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அவர் கடன்பட்டவர் இல்லை. மண் எங்கே என்று அவரால் கேட்க முடிந்ததற்கு அவருடைய நல்ல குணம் பாதிக் காரணம் என்றால், நம் அரசியலமைப்புச் சட்டம் மீதிப் பாதி.

அந்தப் பாதியை எழுதியவர்கள் நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். 148 முதல் 151 வரை நான்கு பிரிவுகள். தலைமைத் தணிக்கையாளரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆறு ஆண்டு அல்லது 65 வயது, எது முன்னே வருகிறதோ அதுவரை பதவி என்று பிறகு 1971-இல் வந்த சட்டம் சொல்கிறது. நினைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன வழியோ, இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தீர்மானம் போட வேண்டிய அந்த வழிதான் இவருக்கும். சம்பளமும் அலுவலகச் செலவும் அரசின் வருவாய் சேரும் தொகுநிதியிலிருந்து நேரே போகும், அதற்கு ஆளுங்கட்சியின் வாக்கு தேவையில்லை. பதவி முடிந்த பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி வகிக்கக் கூடாது.

1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் இந்தப் பதவியைப் பற்றிப் பேசினார். அரசியலமைப்பில் இருக்கிற அலுவலர்களிலேயே அநேகமாக மிக முக்கியமானவர் இவர்தான் என்றார். நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்த செலவை அரசு மீறாமல் பார்க்கிற ஆள் இவர், இவருடைய கடமை நீதித்துறையின் கடமையைவிடவும் முக்கியமானது என்று தான் கருதுவதாகச் சொன்னார். அப்படிச் சொன்னவரே, உச்ச நீதிமன்றம் தன் ஊழியர்களைத் தானே நியமித்துக்கொள்வது போன்ற அதிகாரத்தை இவருக்குக் கொடுக்காமல் விட்டோமே என்று வருந்தவும் செய்தார். முதல் நாளிலேயே குறை தெரிந்திருக்கிறது.

எனக்குத் தெரிகிற பெரிய குறை வேறு. இவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார் என்பது எழுத்து. நடைமுறையில் பெயரைத் தேர்ந்தெடுப்பது அன்றைய அரசு. எந்தத் தகுதி, யார் யார் பரிசீலனையில் இருந்தார்கள், ஏன் இவர், எதுவும் வெளியே வராது. எதிர்க்கட்சித் தலைவரைக் கேட்பதில்லை, உங்கள் அவையைக் கேட்பதில்லை. கொடைச் செலவைச் செய்தவரே கணக்குப் பார்க்கிறவரையும் நியமிக்கிறார்.

இதை ஒரு கட்சியின் மீது போட்டுவிட்டு நகர என்னால் முடியாது. 2013-இல் காங்கிரஸ் கூட்டணி அரசு நியமித்த சசி காந்த் சர்மா, அதற்குச் சற்று முன்புவரை பாதுகாப்புத் துறைச் செயலாளர். அந்தத் துறை வாங்கிய தளவாடங்களின் கணக்கை அவரே தணிக்கை செய்ய வேண்டிய நிலை. நீதிமன்றத்தில் வழக்குக்கூடப் போட்டார்கள். அடுத்து 2017-இல் பாரதிய ஜனதா அரசு நியமித்த ராஜீவ் மெஹ்ரிஷி நிதித் துறைச் செயலாளராகவும் உள்துறைச் செயலாளராகவும் இருந்தவர். 2020-இல் வந்த ஜி.சி. முர்மு, செலவினத் துறைச் செயலாளராக இருந்து ஜம்மு காஷ்மீரின் துணைநிலை ஆளுநராகப் போய், அங்கிருந்து நேரே இந்த நாற்காலிக்கு வந்தவர். 2024 நவம்பரில் பொறுப்பேற்ற சஞ்சய் மூர்த்தி உயர்கல்வித் துறைச் செயலாளராக இருந்தவர். இவர்கள் யாரும் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. என் மாமாவும் நேர்மையானவர்தான் என்று முன்பே சொன்னேன்.

பதவிக்குப் பிறகான கதையும் உண்டு. போஃபர்ஸ் பீரங்கி வாங்கியது பற்றிய தணிக்கை அறிக்கை 1989-இல் வந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாக மக்களவையிலிருந்து ராஜினாமா செய்தார்கள். அந்த அறிக்கை வந்தபோது தலைமைத் தணிக்கையாளராக இருந்த டி.என். சதுர்வேதி பின்னர் பாரதிய ஜனதா சார்பில் மாநிலங்களவைக்குப் போனார், கர்நாடகத்துக்கு ஆளுநராகவும் ஆனார். ஆளுநர் பதவி, வேறு அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்ற அந்தத் தடைக்குள் வராது என்று சட்டம் படித்தவர்கள் விளக்கம் சொல்லலாம். அறிக்கையில் எழுதியது அத்தனையும் உண்மையாக இருந்தாலும், படிக்கிறவன் திரும்பிப் பார்த்துச் சந்தேகப்பட அது ஒன்று போதும்.

தமிழ்நாட்டுக்காரி எழுதுகிற மடலில் 2ஜி தொலைபேசி அலைக்கற்றை ஒதுக்கீடு வராமல் இருக்க முடியாது. 2010-இல் வந்த அறிக்கை ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடி என்ற எண்ணைத் தக்கலை சந்தைவரை கொண்டு வந்தது. அறிக்கையில் இருந்தது ஒரு எண் மட்டும் அல்ல. வேறு வேறு வழியில் கணக்கிட்ட பல மதிப்பீடுகள் இருந்தன, ஊருக்கு வந்தது அவற்றில் பெரியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்தது. ஒரு தரப்பு இன்னும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்னொரு தரப்பு தணிக்கையே சதி என்கிறது. இரண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை. தூர் வாரிய மண் எங்கே என்று கேட்பவர் தணிக்கையாளர். திருடியவர் யார் என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதாலேயே இரண்டாவதற்கு விடை கிடைத்துவிட்டதாக ஆகாது. இரண்டாவதில் யாரும் சிக்கவில்லை என்பதால் முதல் கேள்வி தவறு என்றும் ஆகாது. ஆனால் ஊகத்தில் கட்டிய இழப்புத் தொகையைத் தணிக்கையாளர் தாளில் ஏற்றும்போது பத்து மடங்கு கவனம் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் குளத்துக்கு வந்தவர் இரண்டு வரிதான் எழுதினார். அந்த இரண்டு வரியை யாராலும் மறுக்க முடியவில்லை.

அறிக்கை எழுதப்பட்டால் மட்டும் போதுமா? அது எப்போது உங்கள் கைக்கு வருகிறது? 151-ஆம் பிரிவு, அறிக்கையைக் குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ கொடுக்க வேண்டும், அவர்கள் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டை வழியாக என்னவெல்லாம் நழுவியிருக்கிறது என்று பாருங்கள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அதைத் தணிக்கை செய்து, செம்பரம்பாக்கம் ஏரி நீர் திறப்பு உட்பட எல்லாவற்றையும் ஆராய்ந்து, மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறை எழுதியது. 2017 என்று ஆண்டு எண்ணிட்ட அந்த அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில், 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தில் அடித்தது. ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் ஒரே பகலில் சாய்ந்தன. அது போகட்டும், மரம் வளரும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கடற்கரை ஊர்களிலிருந்து கடலுக்குப் போன பிள்ளைகளை எதிர்பார்த்து எத்தனை தாய்மார்கள் கடற்கரையில் நின்றார்கள். அந்த நாட்களில் சின்னத்துறையில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் என்னோடு பேசவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சென்னை அறிக்கை உரிய காலத்தில் பேரவைக்கு வந்திருந்தால் புயல் நின்றிருக்காது, தெரியும். ஒரு உயிராவது தப்பியிருக்கும் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. ஆனால் எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேர வேண்டும், யார் யாரோடு பேச வேண்டும், முந்தைய பேரிடரில் எங்கே கோட்டை விட்டோம் என்பதையெல்லாம் அவையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய மாதங்களில் அந்தப் புத்தகம் அவைக்கு வராமல் இருந்தது. இந்த ஒன்றை என்னால் விட முடியவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு வேறு மாதிரி நடந்ததையும் சொல்ல வேண்டும். கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் பட்டதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். நிவாரணமும் மறுவாழ்வுப் பணியும் நடந்துகொண்டிருக்கும்போதே தணிக்கைத் துறை இறங்கி, 2006-இல் தனியாக ஓர் அறிக்கை கொடுத்தது. அழுகை அடங்குவதற்குள் கணக்குக் கேட்பது கொடூரம் என்று சிலர் அப்போது பேசினார்கள். அழுகிறவர் பெயரில் வந்த பணம் அவரிடம்தான் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதைவிடப் பெரிய இரக்கம் எனக்குத் தெரியவில்லை.

டெல்லிச் சட்டப்பேரவைக் கதை உங்களுக்கு அருகில் நடந்தது. பதினான்கு தணிக்கை அறிக்கைகள் அவையில் வைக்கப்படாமல் கிடந்தன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. தேர்தல் நடந்து ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரியில் தொடங்கி அவை வெளியே வந்தன. ஆம் ஆத்மி அரசு அங்கே செய்ததைத்தான் வேறு கட்சி அரசுகள் வேறு இடங்களில் வேறு அளவில் செய்திருக்கின்றன. ரஃபேல் விமான அறிக்கை 2019 பிப்ரவரியில், பதினாறாவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், விலை விவரங்கள் மறைக்கப்பட்டு வைக்கப்பட்டது. அதைப் படித்துக் கேள்வி கேட்க அந்த அவைக்கு மறுநாள் இருக்கவில்லை. அதற்கு முந்தைய நவம்பரில், ஓய்வுபெற்ற அதிகாரிகள் அறுபது பேர், பணமதிப்பு நீக்கம் பற்றியும் ரஃபேல் பற்றியும் அறிக்கைகள் ஏன் தாமதமாகின்றன என்று தலைமைத் தணிக்கையாளருக்கே கடிதம் எழுதியிருந்தார்கள்.

எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. மத்திய அரசைப் பற்றி 2015-இல் 55 அறிக்கைகள் வந்தன, 2020-இல் 14 என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு நாளிதழ் எழுதியது. 2020 பெருந்தொற்று ஆண்டு, அதற்கு ஒரு பங்கு கொடுத்துவிடலாம். மீதி?

தணிக்கைத் துறை செத்துவிட்டது என்று சொன்னால் அது பொய். 2023 ஆகஸ்டில் வந்த அறிக்கைகளை நான் உட்கார்ந்து படித்தேன். ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டில் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் ஏழு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள் பதிவாகியிருந்ததை அதே துறைதான் கண்டுபிடித்தது. துவாரகா விரைவுச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு 18.20 கோடி என்று அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது 250.77 கோடியாக மாறியதை அதே துறைதான் எழுதியது. எட்டு வழி மேம்பாலமும் சுரங்கமும் சேர்ந்தால் செலவு ஏறத்தான் செய்யும் என்பது அமைச்சகத்தின் பதில், அதையும் கேட்க வேண்டியதுதான். களியக்காவிளை முதல் காவல்கிணறு வரை நான்கு வழிச் சாலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் எங்களுக்கு, ஒரு கிலோமீட்டர் ரோட்டுக்கு என்ன ஆகும் என்பது வெறும் எண் இல்லை. அந்த அறிக்கைகள் வெளிவந்த சில வாரங்களில், அவற்றில் வேலை செய்த அதிகாரிகள் மாற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. நிர்வாகக் காரணம்தான் என்று பதில் வந்தது. உண்மையாகவே அப்படியும் இருக்கலாம். இங்கேதான் என் அப்பாவின் துயரம் திரும்பி வருகிறது: வழக்கமான மாற்றமாகவே இருந்தாலும் யார் நம்புவார்கள்?

இதற்கு நடுவில் ஒன்று. எங்கள் பத்மநாபபுரத்திலிருந்து வருடா வருடம் நவராத்திரிக்குச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். அங்கே இருக்கும் பத்மநாபசாமிக்குத்தான் 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே எழுதி வைத்து, தான் அவருடைய தாசன் என்றார். அந்தக் கோயில் கணக்கில் சந்தேகம் எழுந்தபோது, 2014-இல் உச்ச நீதிமன்றம் தணிக்கைக்கு அழைத்தது யாரை? தலைமைத் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்ற வினோத் ராயை. சாமி பணத்துக்கும் கணக்கு உண்டு, அதை வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும் என்றபோது இந்தப் பதவியில் இருந்தவர்தான் நினைவுக்கு வந்தார். அந்த மதிப்பைக் கரைய விடாதீர்கள்.

இனி நான் கேட்பது.

நியமனத்தை மாற்றுங்கள். இங்கிலாந்தில் பிரதமர் மட்டும் நினைத்தால் இந்தப் பதவிக்கு ஆள் போட முடியாது. அரசுக் கணக்குகளை ஆராயும் நாடாளுமன்றக் குழுவான பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் ஒப்புதலோடு மக்கள் சபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டும். நம்மிடமும் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. 1921 முதலே இருக்கிறது, 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் அதற்குத் தலைவர். அவரை ஏன் கேட்கக் கூடாது? பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2025 மார்ச்சில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் போனது. நீதிமன்றம் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்தல் ஆணையர்கள் விஷயத்தில் 2023 மார்ச்சில் நீதிமன்றம் இப்படி ஒரு குழுவைச் சொன்னது. அதே வருடம் டிசம்பரில் சட்டம் போட்டு, தலைமை நீதிபதி இருந்த இடத்தில் ஒரு மத்திய அமைச்சரை உட்கார வைத்தீர்கள். அதே தந்திரத்தை இங்கேயும் செய்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

கெடு வையுங்கள். அறிக்கை கையில் கிடைத்து, அவை கூடியிருந்தால் ஒரு வாரம். கூடாமல் இருந்தால் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரம். கடைசி நாளில் வைப்பதை விதியாலேயே தடுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் நாங்கள் தணிக்கைக் கேள்விக்குக் கெடு தாண்டினால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அமைச்சகத்துக்கு மட்டும் ஏன் கெடுவே இல்லை?

பதவி முடிந்தபின் ஆளுநர், வாரியத் தலைவர், ஆளுங்கட்சி தரும் எந்தப் பதவியும் வேண்டாம் என்று அந்தத் தடையை முழுமையாக்குங்கள். பொதுமக்களிடம் வாங்கிய பணம் எந்த அறக்கட்டளைப் பெயரில் இருந்தாலும் தலைமைத் தணிக்கையாளர் பார்க்கட்டும். 2020 மார்ச்சில் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதியைத் தனியார் தணிக்கையாளர்தான் பார்க்கிறார். பிரதமரின் பெயரும் அரசின் இலச்சினையும் பார்த்துத்தான் எங்கள் ஊர்ப் பீடித் தொழிலாளிகளும் அதில் நூறு, ஐம்பது போட்டார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இதற்குச் சட்டம் தேவையில்லை. படியுங்கள். அவையில் வைக்கப்பட்ட அறிக்கைகளில் பொதுக் கணக்குக் குழு எடுத்து விசாரிப்பது கொஞ்சம்தான். மீதிப் பக்கங்களுக்கு அமைச்சகங்கள் ‘நடவடிக்கை எடுக்கப்படுகிறது’ என்று குறிப்பு அனுப்புகின்றன. அந்தக் குறிப்பை எழுதுகிற வேலையை என் அளவில் நானும் செய்தவள், அதில் எவ்வளவு உண்மை இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தொகுதி உறுப்பினரிடம் தனியாகக் கேட்கிறேன்: கன்னியாகுமரி மாவட்டத்தைத் தொட்டு வந்த தணிக்கைப் பத்திகள் ஒவ்வொன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, தொகை பிடிக்கப்பட்டதா, தவறு திருத்தப்பட்டதா என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்கி எங்களுக்குத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பீர்களா? நாகர்கோவிலில் ஒரு நாள், மார்த்தாண்டத்தில் ஒரு நாள் கூட்டம் போட்டு வாசிப்பீர்களா? எட்டாம் நாள் கணக்கு கேட்டுப் பழகிய ஊர்கள் இவை. நாங்கள் வந்து உட்காருவோம்.

என்னிடம் அப்பாவின் கொடைக் கணக்கு நோட்டு இருக்கிறது. பந்தல்காரர் முன்பணம் இரண்டாவது முறை எழுதப்பட்ட வரியில் சிவப்பு மையால் ஒரு கோடு. பக்கத்தில் கணக்குப் பார்த்தவரின் கையெழுத்து, அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து. இந்த மடலோடு அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்து எங்கள் உறுப்பினரின் நாகர்கோவில் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றிய அலுவலக ஊழியர் ஒருவர்,
கல்குளம் தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்.